பேட்டரியைக் கழற்றினாலும் கத்துது, மாட்டினாலும் கத்துது

"தம்பி, பேட்டரியக் கழட்டுனாலும் கத்துது, மாட்டுனாலும் கத்துது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

2024 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்த போன் அது. பேசியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய ஸ்கூட்டருக்கு ஒயரிங் வேலை செய்து கொடுத்த பழக்கம். காரை அதுவரை நான் தொட்டதில்லை. போனில் அவர் குரலைவிடப் பின்னால் கேட்ட சத்தம்தான் தெளிவாக இருந்தது. ஹாரன் மாதிரி விட்டுவிட்டு அடிக்கும் சத்தம் இல்லை, ஏறி ஏறி இறங்கும் ஊளை. அதிலும் ஒரு கம்மல், தொண்டை கட்டியவன் கத்துவது போல. பாதி விடை அந்தப் போனிலேயே இருந்தது. நான் கவனிக்காமல் டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்கு முக்கால் மணி நேரம் விலை கொடுத்தேன்.

கார் பேட்டரியைக் கழற்றியதும் அலாரம் அடிப்பது அபூர்வமான விஷயம் இல்லை, மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். பெரும்பாலும் ஐந்து நிமிஷ வேலை. இந்த வண்டி இரண்டு நாள் எடுத்தது. காரணம், கேட்ட சத்தம் ஒன்று, அதைக் கிளப்பிவிட்ட காரணங்கள் இரண்டு. அதை விளங்கிக்கொள்ளாமல் நான் இரண்டு தப்பு செய்தேன். அதனால்தான் ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன்.

வண்டியின் கதை

2012 மாடல் சின்ன பெட்ரோல் கார். சார் அதை 2017-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். முதல் உரிமையாளர் வேலை மாறி வெளியூர் போகிறவர், அவசரத்தில் விற்றிருக்கிறார். கைக்கு வந்தது ஒரே ஒரு சாவி. சாவியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் சென்ட்ரல் லாக் வேலை செய்யும். பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர் ஹவர். 2019-ல் ஒருமுறை, 2023-ல் ஒருமுறை, அதே பேட்டரிக் கடையில் மாற்றியிருக்கிறார். இரண்டு தடவையும் எந்தச் சத்தமும் வரவில்லை என்று உறுதியாகச் சொன்னார். இந்த ஒரு தகவல்தான் என்னை ரொம்ப நேரம் குழப்பியது.

டிசம்பரில் சாரும் அவர் வீட்டு அம்மாவும் இருபது நாள் சென்னை போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது பேட்டரி சுத்தமாக டவுன். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் போட்டுத்தான் எடுத்திருக்கிறார். இப்போது மகளைப் பார்க்க இரண்டு மாதம் சிங்கப்பூர் பயணம். "மாமா, போறதுக்கு முன்னாடி பேட்டரில மைனஸ் ஒயர மட்டும் கழட்டி வெச்சுடுங்க" என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போதே சார் ஒரு ஒத்திகை பார்த்தார். வாத்தியார் அல்லவா.

பானட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் நட்டைத் தளர்த்தி, கிளாம்பைத் தூக்கினார். தூக்கிய மறு நொடி ஊளை. பயந்துபோய் கிளாம்பை மறுபடி வைத்தார். நிற்கவில்லை, இண்டிகேட்டர் நாலும் சேர்ந்து மின்ன ஆரம்பித்தது. சாவிப் பொத்தானை அமுக்கினால் கதவு லாக் 'டக்' என்று விழுகிறது, சத்தம் பாட்டுக்கு ஓடுகிறது. அரை நிமிஷத்தில் தானாக அடங்கியது. கதவைத் திறந்தார், மறுபடி ஊளை. சாவியைப் போட்டுத் திருப்பினார். மீட்டரில் விளக்கெல்லாம் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை.

முதல் தப்பு: காதை மூடிக்கொண்டு கையை விட்டது

ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டியைச் சுற்றி ஏழெட்டு பேர். ஒருவர் பேட்டரி செத்துவிட்டது, ஜம்பர் போடுங்கள் என்றார். இன்னொருவர் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம் போய்விட்டது என்றார். தெருமுனை ஆட்டோக்கார அண்ணன் "சைரன் ஒயர வெட்டி உடுங்க" என்றார். அவர் சொன்னதில் 'சைரன்' என்ற வார்த்தையை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

முதலில் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன், 12.48 வோல்ட். முழு சார்ஜில் 12.6-க்கு மேல் காட்டும், பாதியில் 12.2 பக்கம் இருக்கும். அப்படியானால் முக்கால்வாசி சார்ஜ் இருக்கிறது, பேட்டரி மேல் குற்றம் இல்லை. செல்ஃப் எடுக்காததிலும் ஒரு துப்பு இருந்தது. பேட்டரி பலவீனம் என்றால் சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டு விளக்கு மங்கும், உள்ளே 'டக டக டக' என்று அடிக்கும். இங்கே விளக்கு கொஞ்சம்கூட மங்கவில்லை, ஒரு 'டக்' கூட இல்லை. ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகவே இல்லை, யாரோ நடுவில் நின்று தடுக்கிறார்கள்.

அந்த 'யாரோ'வை கம்பெனி அலாரம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த யூகம் முட்டாள்தனமானது இல்லை. கம்பெனியிலிருந்தே அலாரத்தோடு வரும் பல வண்டிகளில் நடப்பது இதுதான்: பேட்டரியை மறுபடி மாட்டும்போது அலாரத்தின் கம்ப்யூட்டர் தூங்கி எழுகிறது. கடைசியாக லாக் ஆகியிருந்தேன் என்ற நினைவோடு எழும், சில வண்டிகளில் எதுவும் நினைவில்லாமல் காவல் நிலையிலேயே எழும். நீங்களோ பேட்டரி மாட்டுவதற்காக பானட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பானட் பூட்டின் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது 'பானட் திறந்திருக்கு' என்று சொல்ல, ஹாரன் அடிக்க ஆரம்பிக்கும். அதற்கு வைத்தியம் சுலபம். டிரைவர் கதவில் சாவியை நேரடியாகப் போட்டு ஒருமுறை பூட்டித் திறக்க வேண்டும், இல்லை இக்னிஷனை ஆன் செய்து வைக்க வேண்டும். உள்ளே வந்தவன் சாவி வைத்திருப்பவன்தான் என்று தெரிந்ததும் அடங்கிவிடும்.

இரண்டையும் இரண்டு தடவை செய்தேன். அடங்கவில்லை. சரி, காதாவது பிழைக்கட்டும் என்று ஹாரன் ஃப்யூஸைப் பிடுங்கினேன். ஊளை அப்படியே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. இந்த வண்டியின் ஹாரன் ஒற்றைத் தட்டு ஹாரன், 'பீப்' என்று ஒரே சுருதியில் கத்தும். ஏறி இறங்க அதற்குத் தெரியாது. அப்புறம் கிளவ் பாக்ஸில் கிடந்த கையேட்டைப் புரட்டினால், இந்த வேரியன்ட்டில் கம்பெனி அலாரமே கிடையாது. இல்லாத ஒன்றை அரை மணி நேரமாகச் சமாதானம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாம் தப்பு: கனெக்டரைப் பிடுங்கியது

சத்தம் வரும் இடத்தைக் காதால் தேடினேன். இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், வாயைக் கீழே பார்த்து வைத்த கறுப்புச் சைரன். ஒரு டம்ளர் அளவு இருக்கும். பின்பக்கம் மூன்று ஒயர், ஒரு ரப்பர் மூடி, அதற்குள் சின்ன சாவித் துவாரம். கம்பெனி பொருத்தியது இல்லை, வெளியில் மாட்டியது.

மூன்று ஒயரும் ஒரு கனெக்டரில் சேர்ந்திருந்தன. பிடுங்கினேன். சற்றுமுன் தானாக ஓய்ந்திருந்த சைரன் என் கையிலேயே அலற ஆரம்பித்தது. ஒயர் தனியாகத் தொங்குகிறது, சைரனோ பேட்டரிக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லாமல் கத்துகிறது. கூட்டத்தில் ஒருவர் ஓரடி பின்னால் போனார்.

மந்திரம் ஒன்றும் இல்லை. இந்த ரகச் சைரனுக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. வண்டியிலிருந்து 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும்வரை அது சார்ஜ் ஆகிக்கொண்டு சும்மா கிடக்கும். 12 வோல்ட் நின்றுபோனால், யாரோ பேட்டரியைக் கழற்றுகிறான் என்று முடிவு செய்து, தன் சொந்த பேட்டரியில் கத்தும். கார் திருடப் போகிறவன் அலாரத்தை அடக்க முதலில் செய்யும் காரியம் பேட்டரி ஒயரை வெட்டுவதுதான். அதற்கென்றே செய்த பொருள் இது. சார் மைனஸ் கிளாம்பைத் தூக்கினார், அது தன் கடமையைச் செய்தது. வாத்தியாரையும் திருடனையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஆட்டோக்கார அண்ணன் சொன்னபடி ஒயரை வெட்டியிருந்தாலும் இதே கதிதான்.

ஐரோப்பியக் கார்களில் இது ரொம்ப சகஜம். பிரிட்டனில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வண்டிகளைச் சோதிக்கும் தாட்சம் என்ற நிலையம், அலாரங்களை வகை பிரித்து வைத்திருக்கிறது. அதில் முதல் வகைக்குத் தகுதி பெறச் சைரனுக்குச் சொந்த பேட்டரி இருந்தாக வேண்டும். அங்கிருந்து வந்த பழைய இறக்குமதி வண்டிகளில் எட்டு, பத்து வருஷம் கழித்து அந்தக் குட்டி பேட்டரி கசிந்து, நடு ராத்திரியில் காரணமே இல்லாமல் கத்துவதைப் பார்த்திருக்கிறேன். நம்மூர் சின்ன கார்களில் கம்பெனி அலாரம் பெரும்பாலும் ஹாரனையே பயன்படுத்தும். பேட்டரியைக் கழற்றினால் அதுவும் ஊமையாகிவிடும். இதை ஒரு அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம்: பேட்டரி கழற்றிய நிலையிலும் வண்டி கத்தினால், உள்ளே எங்கேயோ இன்னொரு பேட்டரி இருக்கிறது.

சரி, அந்த நேரத்தில் தத்துவம் யோசிக்க முடியவில்லை. சைரனை அடக்க அதன் சொந்தச் சாவி வேண்டும். அது 2017-லிருந்தே எங்கே இருக்கிறதோ. பிராக்கெட் போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்தேன். அம்மா ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தார், அதில் சுற்றித் திண்ணையில் வைத்து ஸ்க்ரூவைத் தேடினேன். பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க சார், கொழந்தை இப்பத்தானுங்க தூங்குச்சு" என்றார். சார் கை கூப்பினார். நாலு ஸ்க்ரூ, அதில் ஒன்று துருப்பிடித்துத் தலை வழுக்கியது. ஒருவழியாக மூடி வந்தது.

உள்ளே விரல் தடிமனில் ஆறு செல், பிளாஸ்டிக் உறை போட்டு ஒன்றாகக் கட்டியது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகம், செல்லுக்கு 1.2 வோல்ட் வீதம் ஆறுக்கும் சேர்த்து 7.2. ஒரு முனையில் உறை வெடித்து, வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அந்தப் பூப்பு பக்கத்து சர்க்யூட் போர்டில் ஒரு காலணா அளவுக்குப் பரவி, இரண்டு தடத்தைத் தின்றுகொண்டிருந்தது. செல் கட்டின் குட்டிக் கனெக்டரை நகத்தால் நெம்பினேன். சத்தம் நின்றது. அப்புறம்தான் எதிர்வீட்டு டிவியில் செய்தி ஓடுவதே காதில் விழுந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 7.2 இருக்க வேண்டிய இடத்தில் 5.8. போனில் கேட்ட தொண்டைக் கம்மலுக்குக் காரணம் அதுதான்.

டேஷ்போர்டில் ஒரு சிவப்புப் பொட்டு

சத்தம் நின்றதும் கூட்டம் கலைந்தது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பாதிதான் முடிந்திருந்தது. பேட்டரியை மாட்டிக் கதவைத் திறந்தால் இண்டிகேட்டர் இன்னும் மின்னுகிறது. செல்ஃப் இன்னும் எடுக்கவில்லை. பேட்டரி கழற்றிய நிலையில் கத்தியது சைரனின் சொந்த முடிவு, அது ஒரு காரணம். பேட்டரி மாட்டிய பிறகும் இண்டிகேட்டரோடு சேர்ந்து கத்தியது வேறு யாரோ சைரனுக்குக் கொடுத்த உத்தரவு. அந்த இரண்டாவது ஆள் இன்னும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

அவனைக் காட்டிக் கொடுத்தது அம்மா. காபி டம்ளரை நீட்டியபடி காருக்குள் எட்டிப் பார்த்தவர், பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிவப்புப் பொட்டு விளக்கைக் காட்டினார். "இது முன்னாடி இப்படிச் சிமிட்டாதுங்க தம்பி. வண்டி ஓடுறப்ப அசையாம எரிஞ்சுட்டு இருக்கும். விளக்கு ஏத்தி வெச்ச மாதிரி இருக்குன்னு நான்தான் பிள்ளையாரையே அது பக்கத்துல ஒட்டுனேன்."

வெளியில் மாட்டும் அலாரங்களில் 'வேலட்' என்று ஒரு நிலை உண்டு. சர்வீஸுக்கோ டிரைவரிடமோ வண்டியைக் கொடுக்கும்போது, அலாரம் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க. பல பெட்டிகளில் அந்த நிலைக்கு அடையாளம், விளக்கு அசையாமல் எரிவது. காவல் நிலைக்கு அடையாளம், விளக்கு சிமிட்டுவது. முதல் உரிமையாளர் விற்கும்போது அலாரத்தை வேலட்டில் போட்டுவிட்டு, ரிமோட்டைக் கொடுக்க மறந்திருக்கிறார். ஏழு வருஷம் அது தூங்கிக்கொண்டே ஊர் சுற்றியிருக்கிறது. கரண்ட் போய் வந்ததும், வேலட்டில் இருந்த ஞாபகம் இல்லாமல் காவல் நிலையில் எழுந்துவிட்டது. கதவு திறந்தால் கத்தச் சொல்லும். ஸ்டார்ட்டர் ஒயரின் குறுக்கே ரிலே என்ற கரண்ட் சுவிட்சை வைத்து செல்ஃபையும் தடுக்கும். சாவியில் இருக்கும் கம்பெனிப் பொத்தானை அமுக்கினால் இதற்கு ஒன்றும் தெரியாது, அது வேறு வீட்டுக் குழந்தை. எல்லாப் பெட்டியும் இப்படி மறக்காது, சில ரகம் கரண்ட் போனாலும் ஞாபகம் வைத்திருக்கும். இது மறந்துவிட்டது.

ரிமோட் இல்லாமல் இதை அடக்க வேலட் சுவிட்ச் வேண்டும். அதை மாட்டியவர் யாருக்கும் தெரியாத இடத்தில்தான் ஒளித்து வைப்பார், வைத்தாக வேண்டும். டிரைவர் சீட்டுக்குக் கீழே மல்லாந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பத்து நிமிஷம் துழாவினேன். ஃப்யூஸ் பாக்ஸுக்குப் பின்னால், எழுத்து எதுவும் இல்லாமல் ஒரு சின்னப் பொத்தான் விரலில் தட்டுப்பட்டது. இக்னிஷன் ஆன் செய்து, பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். இண்டிகேட்டர் இரண்டு தடவை மின்னியது, சிவப்புப் பொட்டு அசையாமல் நின்றது. சாவியைத் திருப்பினேன், செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது.

அம்மா பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

கடிகாரம் சொன்ன சாட்சி

ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 2019-லும் 2023-லும் பேட்டரி மாற்றியபோது இந்தச் சைரன் ஏன் வாயைத் திறக்கவில்லை? இதற்குப் பதில் இல்லையென்றால் என் விளக்கம் முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம். சாருக்கு போன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன்: "சார், பேட்டரி மாத்திட்டு வந்தப்ப, வண்டி கடிகாரத்துல டைம் மாத்தி வெச்சீங்களா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இல்லீங்களே. டைம் சரியாத்தான் இருந்துச்சு. ரேடியோ ஸ்டேஷன்கூட அப்படியே இருந்துச்சு."

பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போயாக வேண்டும். போகவில்லை என்றால் கரண்ட் நிற்கவே இல்லை. திங்கள்கிழமை காலை அந்தப் பேட்டரிக் கடைக்குப் பேசினேன். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "நாங்க எப்பவும் இன்னொரு பேட்டரிய ஜம்பர்ல கோத்துட்டுத்தான் பழச எடுப்போமுங்க. இல்லாட்டி சில வண்டில ஸ்டீரியோ சீக்ரெட் நம்பர் கேக்கும், கஸ்டமர் நம்மளத் திட்டுவாங்க." நல்ல பழக்கம்தான். ஆனால் அதைச் செய்யும்போது பிளஸ் கிளாம்ப் கழன்று தொங்கினாலும் அதில் உயிர் இருக்கும். பாடியில் பட்டால் பொறி பறக்கும், துணியோ ரப்பரோ சுற்றித்தான் விட வேண்டும். ஆக, சார் கைக்கு வந்த ஏழு வருஷத்தில் இந்த வண்டி 12 வோல்ட் முழுக்க நின்றுபோய் ஒரு நொடிகூட இருந்ததில்லை. டிசம்பரில் பேட்டரி டவுன் ஆனபோதுகூட வோல்டேஜ் மெதுவாக இறங்கியது, இறங்க இறங்கச் சைரன் பெட்டியும் தன் பேட்டரியை இழந்துகொண்டே வந்திருக்கும். கத்துவதற்கு அதனிடமும் ஒன்றும் இல்லை.

மீட்டரை வைத்து நிரூபித்தது

திங்கள் மதியம் வண்டி கடைக்கு வந்தது. பூத்துப்போன செல் கட்டை மறுபடி சொருகி, சைரனை அதன் ஒயரோடு சேர்த்தேன். 12 வோல்ட் இருந்ததால் சும்மா இருந்தது. இப்போது பார்க்க வேண்டியது, நிறுத்தி வைத்த வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பது. அதற்கு மைனஸ் கிளாம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டர் வர வேண்டும். கிளாம்பைத் தூக்கினால் சைரன் கத்தும். அதனால் தூக்குவதற்கு முன்பே, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றைக் கிளாம்பிலும் கிளிப் போட்டேன். அப்புறம்தான் கிளாம்பை மெதுவாகத் தூக்கினேன். கரண்ட் மீட்டர் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது.

சைரன் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே கிளாம்பைத் தூக்கியதற்குத் தெருவையே கூட்டிய சைரன்தான் இது. ஒரு நொடி மட்டும் மீட்டரின் கிளிப்பை எடுத்தேன். 'ஊ' என்று ஆரம்பித்தது. கிளிப்பைத் திரும்ப வைத்து, சிமிட்டத் தொடங்கிய சிவப்புப் பொட்டை வேலட் பொத்தானால் நிறுத்தினேன். இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

கதவெல்லாம் மூடி, அரை மணி நேரம் காத்திருந்தேன். நிறுத்தியவுடன் வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போகாது, அவசரப்பட்டு அளந்தால் தப்பான கணக்கு வரும். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது யாராவது பழக்க தோஷத்தில் இக்னிஷனைத் திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும் என்பதால் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அரை மணியில் மீட்டர் 62 மில்லி ஆம்பியரில் நின்றது. இந்த மாதிரிச் சின்ன காரில் 20 முதல் 50-க்குள் இருந்தால் கவலை இல்லை. சைரனின் கனெக்டரைப் பிடுங்கி, கத்துவதற்குள் செல் கட்டையும் எடுத்தேன்: 31. அலாரப் பெட்டியின் ஃப்யூஸையும் எடுத்தேன்: 18.

செத்துப்போன செல்களுக்கு ராத்திரி பகலாகச் சார்ஜ் ஏற்ற முயன்று, சைரன் ஒன்றே 31 மில்லி ஆம்பியர் குடித்திருக்கிறது. வண்டி முழுவதும் குடிப்பதில் சரிபாதி. 62 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.5 ஆம்பியர் ஹவர், இருபது நாளில் 30. பேட்டரியோ 35. டிசம்பரில் சென்னை போய் வந்தபோது பேட்டரி ஏன் படுத்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. அலாரத்தால் பேட்டரி இறங்கியது, பேட்டரி இறங்கியதால் சார் கிளாம்பைக் கழற்றினார், கழற்றியதால் அலாரம் அடித்தது. சாரிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

எடுத்துவிட்டோம்

இரண்டு வழி இருந்தது. புது ரிமோட், புது சைரன் வாங்கி அலாரத்தை உயிர்ப்பிப்பது ஒன்று. மொத்தத்தையும் கழற்றுவது இன்னொன்று. சார் கேட்டார்: "ஏழு வருஷம் தூங்கிட்டுத்தானே இருந்துச்சு, எதுக்குங்க அது?" வேலட்டிலேயே விட்டுவிட்டுச் சைரனை மட்டும் எடுக்கலாமே என்று யாரும் கேட்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அடுத்த தடவை கரண்ட் போய் வந்தால் பெட்டி மறுபடி காவல் நிலையில் எழும், சத்தமில்லாமல் செல்ஃபைத் தடுக்கும். ரோட்டில் நிற்கிறவருக்குக் காரணமே தெரியாது. கத்தாத அலாரம் கத்தும் அலாரத்தைவிட மோசம்.

பெட்டி ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே, வண்டி ஒயரிங்கோடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. பன்னிரண்டு வருஷ வெயிலில் டேப் பிசின் உருகிப் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பதினோரு ஒயர். ஒன்பதை வெறுமனே எடுத்துவிட்டு மூடினால் போதும். மீதி இரண்டுதான் முக்கியம்: ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, இரு முனையையும் ரிலே வழியாகச் செலுத்தியிருந்தார்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், சால்டரிங் இல்லை. பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இந்த இரு முனையையும் சேர்க்காமல் விட்டால் வண்டி ஜென்மத்துக்கும் ஸ்டார்ட் ஆகாது. சேர்த்து, சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினேன். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. பூத்த செல் கட்டைக் குப்பையில் போடாமல், பழைய பேட்டரி எடுக்க வருகிறவர்களிடம் தனியாகக் கொடுத்தேன்.

சிவப்புப் பொட்டு விளக்கை எடுத்த இடத்தில் ஒரு ஓட்டை. அதை மறைக்க அம்மா பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டினார்.

வியாழக்கிழமை சார் கிளம்புவதற்கு முன் வீட்டுக்குப் போனேன். 18 மில்லி ஆம்பியர்தானே, கழற்றாமலே விட்டுவிடலாமா என்று கேட்டார். அறுபது நாளில் அதுவும் 26 ஆம்பியர் ஹவர் ஆகும், 35-ல் 26 போனால் செல்ஃப் எடுக்காது. அதனால் கழற்றத்தான் வேண்டும். முதலில் டிரைவர் கதவில் சாவியைக் கையால் போட்டுத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பேட்டரி இல்லாதபோது சாவிப் பொத்தான் உதவாது. எப்போதும் பொத்தானையே அமுக்கிப் பழகியவர்கள் வண்டியில் அந்தச் சாவித் துவாரம் துருவேறி இறுகிக் கிடக்கும். சாருடையது இறுகித்தான் இருந்தது, கொஞ்சம் எண்ணெய் விட்டதும் திரும்பியது. பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கி கரண்டில் மட்டுமே திறக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் பேட்டரியைக் கழற்றிவிட்டு டிக்கியை மூடினவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், அது இன்னொரு கதை.

கிளாம்பை சாரே தூக்கினார். தூக்கிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. மாடியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஜூலைக் கடைசியில் போன் வந்தது. "தம்பி, ஊருக்கு வந்துட்டோம். கிளாம்ப நானே மாட்டுனேன், ஒரே செல்ஃப்ல எடுத்துருச்சு. கொஞ்ச நேரம் ஐடிலிங் மட்டும் ஏறி ஏறி எறங்குச்சு." பேட்டரி கழற்றி மாட்டினால், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம் முதலில் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்றேன்.

"அது சரிங்க. கடிகாரம் பன்னெண்டு மணின்னு காட்டுது. அத எப்படி மாத்துறது?"